ஜப்பான்ல டீனேஜ் பிள்ளைங்க இருக்குற வீட்டுக்கு: காசு காட்டி நெருங்குற ஆளுங்ககிட்ட இருந்து பிள்ளைய எப்படி பாத்துக்கறது

ஷின்ஜுகு ஸ்டேஷன் கிழக்கு வாசல்ல வெளிய வந்து, பாரும் கிளப்புமா இருக்குற கபுகிச்சோ பக்கம் நடந்தீங்கன்னா டோஹோ பில்டிங் மேல காட்ஜில்லா தலை எட்டிப் பாக்கும், ஊர்ல இருந்து யாரு வந்தாலும் அங்க கூட்டிட்டுப் போய் ஒரு போட்டோ எடுக்காம விடறதில்ல. போன வருஷம் அண்ணனும் அண்ணியும் வந்தப்பவும் அப்படித்தான் போனோம், அண்ணி போட்டோ எடுத்து முடிச்சுட்டு கீழ தரையில உக்காந்திருந்த பிள்ளைங்களப் பாத்துட்டு "என்னம்மா, ஸ்கூல் டூரா?"ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அதுல ஒரு பொண்ணுக்கு என் பொண்ணு வயசுதான் இருக்கும், கருப்பும் பிங்க்குமா ஃப்ரில் வெச்ச டிரெஸ், பக்கத்துல சக்கரம் வெச்ச சின்ன சூட்கேஸ், அதோட கைப்பிடியில ஒரு பொம்மை முயல் தொங்குது, கேன்ல ஸ்ட்ரா போட்டு என்னமோ குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஆபீஸ் பை மாட்டின ஒரு ஆள் குனிஞ்சு ஏதோ கேட்டான், அந்தப் பொண்ணு நிமிர்ந்து கூட பாக்காம தலைய ஆட்டுச்சு, அவன் ரெண்டு அடி தள்ளிப் போய் அடுத்த பிள்ளைகிட்ட குனிஞ்சான், காய்கறிக் கடையில ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குற மாதிரி.

அந்தப் பிள்ளைங்களுக்கு இங்க பேரே இருக்கு, டோயோகோ கிட்ஸ், டோஹோவுக்குப் பக்கத்துல இருக்குற பிள்ளைங்கன்னு அர்த்தம். ஒசாகாவுல டோடொன்போரி கிளிக்கோ போர்டுக்குக் கீழ கூடுறவங்களுக்கு குரிஷிதா, ஃபுகுவோகாவுல கேகோ பார்க். ஊருக்கு ஒரு இடம்னு வெச்சுக்கங்களேன். வீட்டுல அடி, அம்மாவோட புது ஆள், ஸ்கூல்ல ஒதுக்கி வைக்கிறது, இப்படி ஏதோ ஒண்ணுல இருந்து ஓடி வந்தவங்கதான் முக்காவாசி. அவங்களச் சுத்தி ஆளுங்க சும்மா நிக்கிறாங்களான்னா இல்ல. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்.

நான் டோக்கியோ நிஷிகசாய்ல 14 வருஷமா இருக்கேன், பொண்ணு ஒண்ணு பையன் ஒண்ணு, ரெண்டும் இங்கயே வளந்துச்சுங்க. நம்ம ஆளுங்க கூடுனா "இதெல்லாம் ஜப்பான்காரங்க பிரச்சன, நம்ம பிள்ளைங்க அப்படி இல்ல"ன்னு ஒரு பேச்சு கண்டிப்பா வரும். பிள்ளைங்க நம்மள விட நல்லா ஜப்பானீஸ் பேசுதுங்க, அதே ஆப்ல இருக்குதுங்க, அதே கோம்பினி கடை வாசல்ல நிக்குதுங்க, அப்புறம் என்ன நம்ம பிள்ளை அவங்க பிள்ளை. அதனாலதான் நான் தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டத எழுதி வைக்கிறேன். ஜப்பான்லயே பொறந்து வளந்தவங்களுக்கும் இதுல பாதி தெரியாது, அத நான் பிடிஏ மீட்டிங்லயே பாத்தேன்.

முதல்ல வார்த்தைங்கள தெரிஞ்சுக்கங்க. இந்த ஊர்ல அசிங்கமான விஷயத்துக்கு அழகா ஒரு பேர் வெச்சுடுவாங்க, பேர் அழகா இருந்தா பிள்ளைக்குப் பயம் வராது. 90கள்ல என்ஜோ கோசாய்னாங்க, 'உதவி செஞ்சு பழகறது'ன்னு அர்த்தம், என்ன உதவியோ. இப்ப பப்பாகட்சு, அதாவது ஒரு 'பப்பா'வத் தேடுறது, சும்மா கூட உக்காந்து சாப்பிட்டா போதும் காசு தருவேன்னு ஆரம்பிக்கும். சாப்பாட்டோட நின்னுடும்னு பிள்ளை நெஜமாவே நம்பும், ரெண்டு தடவ அப்படி நிக்கவும் செய்யும், மூணாவது தடவதான் வேற கேப்பான். கமிமச்சின்னு ஒண்ணு இருக்கு, 'சாமிக்காகக் காத்திருக்கேன்'னு அர்த்தம், வீட்ட விட்டு வந்த பிள்ளை இன்னைக்கு ராத்திரி தங்க இடம் வேணும்னு போஸ்ட் போடும், இடம் கொடுக்கறவன் சாமி! கேக்கவே வயிறு எரியுது. உராஅகான்னா ஒளிச்சு வெச்சிருக்குற ரெண்டாவது அக்கவுண்ட், அது இருந்தாலே தப்புன்னு குதிக்காதீங்க, பாதிப் பிள்ளைங்ககிட்ட இருக்கும், தோழிங்ககூட புலம்பத்தான் வெச்சிருக்கும். ஆனா அந்தப் புலம்பலத்தான் அவனுங்க தேடிப் படிக்கிறானுங்க. "வீட்டுக்குப் போகப் பிடிக்கல", "செத்துடலாம் போல இருக்கு"ன்னு ஒரு வரி போட்டா கொஞ்ச நேரத்துல "என்ன ஆச்சு? நான் கேக்குறேன் சொல்லு"ன்னு டிஎம், அதான் தனி மெசேஜ், வந்துடும். 2017-ல டோக்கியோ பக்கத்துல ஜாமாவுல ஒருத்தன் ட்விட்டர்ல இப்படித்தான் ஆளத் தேடி 9 பேரக் கொன்னான், செத்தவங்கள்ல ஸ்கூல் பிள்ளைங்களும் இருந்தாங்க. அது பப்பாகட்சு மாதிரி கேஸ் இல்லதான், ஆனா தூண்டில் அதே தூண்டில்.

அப்புறம் ஜேகே பிசினஸ், ஜேகேன்னா ஹைஸ்கூல் பொண்ணு. அகிஹபாராவுல 'கூட நடந்து வர்றது', 'பேசறது', 'போட்டோ எடுத்துக்கறது', 'கை கால் பிடிச்சு விடறது'ன்னு யூனிஃபார்ம் போட்டு நிக்க வெச்சானுங்க, உள்ள போனா 'எக்ஸ்ட்ரா'. டோக்கியோவுல 2017 ஜூலை 1-ல இருந்து இந்த மாதிரி கடையில 18 வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கவே கூடாதுன்னு தனியா ஒரு ஜோரே வந்துடுச்சு, ஜோரேன்னா நம்ம ஊர் மாநகராட்சி விதி மாதிரி, ஆனா மீறுனா ஜெயில் அபராதம் எல்லாம் உண்டு. அதுக்கப்புறம் போர்டு மாறுச்சு, வேஷம் போட்டுப் பரிமாறுற கான்செப்ட் கஃபே, பார்னு பேரு வெச்சுக்கிட்டாங்க. எல்லா கான்செப்ட் கஃபேயும் தப்புன்னு நான் சொல்ல வரல, பிள்ளை அங்க பார்ட் டைம் போறேன்னு சொன்னா நேர்ல ஒரு தடவ போய் பாத்துட்டு வாங்கன்னுதான் சொல்றேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பிள்ளை ஏன் நம்மகிட்ட சொல்றதில்ல? திட்டு விழும், போன் போயிடும், அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், அதான். மிரட்டுற ஆளுக்கு இது நல்லாவே தெரியும், "உங்க அம்மாகிட்ட சொல்லிடுவேன்"ங்கிற ஒரே வரியிலதான் அவன் பொழப்பே ஓடுது. அந்த வரிய செல்லாக்காசு ஆக்குறதுதான் நம்ம வேலை, மத்த ஃபில்டர் கில்டர் எல்லாம் அதுக்கப்புறம். எப்படின்னா, ஒண்ணும் நடக்காத ஒரு சாதாரண நாள்ல, கார்ல போகும்போதோ பாத்திரம் தேய்க்கும்போதோ, முகத்தப் பாத்து உக்கார வெச்சு இல்ல, "யாராவது உன் போட்டோ வெச்சுக்கிட்டு மிரட்டினா, நீயே அனுப்பினதா இருந்தாலும், காசு வாங்கியிருந்தாலும், என்கிட்ட வா, நான் போன பிடுங்க மாட்டேன், தப்பு அந்த ஆளோடது"ன்னு சொல்லிடுங்க. ஒரு தடவ போதாது. நான் இத முதல் தடவ சொன்னப்ப என் பொண்ணு "அம்மா வியர்டா பேசாத"ன்னு ஹெட்போன மாட்டிக்கிச்சு. ரெண்டு மாசம் கழிச்சு திரும்பச் சொன்னேன், அப்ப ஹெட்போன் மாட்டல.

ஸ்கூல் சொல்லிக்கொடுக்கும்னு இருந்துடாதீங்க. இங்க மிடில் ஸ்கூல் ஹெல்த் பாடத்துல கர்ப்பம் எப்படி உண்டாகுதுங்கிற பகுதியத் தொட வேண்டாம்னு பாடத்திட்டத்துலயே ஒரு வரி இருக்கு, ஹாடொமே கிடெய்னு அதுக்குப் பேரு, தடுப்புன்னு வெச்சுக்கங்க. 2023-ல இருந்து 'உயிர்ப் பாதுகாப்புக் கல்வி'ன்னு பிரைவேட் பார்ட்ஸ், எஸ்என்எஸ் (சோஷியல் மீடியா) ஆபத்துன்னு கொஞ்சம் சேத்திருக்காங்க, நல்ல விஷயம்தான், ஆனா ஸ்கூலுக்கு ஸ்கூல் வாத்தியாருக்கு வாத்தியார் வித்தியாசம். நம்ம வீட்லயும் பேசறதில்ல, அங்கயும் பேசறதில்ல, நடுவுல பிள்ளைக்கு யாரு சொல்லித் தர்றது, அந்த டிஎம்காரன்தான்.

பிள்ளைகிட்ட பேச சட்டமும் கொஞ்சம் கையில இருக்கணும், ஏன்னா பிள்ளைங்க "நானே ஒத்துக்கிட்டேன், என் தப்புதான்"னு நெனச்சுக்கிட்டு இருக்கும். 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குக் காசோ வேற ஏதாவதோ கொடுத்தோ தர்றேன்னு சொல்லியோ பாலியல் உறவு வெச்சுக்கிட்டா வாங்குன ஆளுக்கு 5 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 30 லட்சம் யென் வரைக்கும் அபராதம், பிள்ளை ஒத்துக்கிச்சாங்கிற கேள்வியே அதுல கிடையாது, 1999-ல வந்த சட்டம் இது. பிள்ளைங்களோட அந்த மாதிரிப் படத்த சும்மா வெச்சிருந்தாலே குத்தம்னு 2014-ல திருத்தினாங்க, தண்டனை 2015 ஜூலைல இருந்துதான் நடைமுறைக்கு வந்துச்சு, அதுவரைக்கும் வெச்சிருந்தா ஒண்ணுமில்லன்னு இருந்திருக்கு, நம்ப முடியுதா? சம்மத வயசு 1907-ல இருந்து 13-ஆவே கிடந்து 2023 ஜூலை 13-லதான் 16 ஆச்சு, 13ல இருந்து 15 வரைக்கும் உள்ள பிள்ளைன்னா எதிராளி 5 வயசாவது மூத்தவனா இருந்தா குத்தம்னு வெச்சிருக்காங்க. அதே நாள்ல இன்னொண்ணும் வந்துச்சு, பலருக்குத் தெரியாது: 16 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைய தப்பான நோக்கத்தோட ஏமாத்தியோ காசு காட்டியோ, முடியாதுன்னு சொன்னப்புறமும் விடாமலோ சந்திக்கக் கூப்பிட்டாலே குத்தம், கையத் தொடணும்னு அவசியமே இல்ல. அந்த மாதிரிப் படம் அனுப்பச் சொன்னாலும் அதே கதைதான். அதனால "இன்னும் ஒண்ணும் நடக்கலயே"ன்னு போலீசுக்குப் போகாம இருக்காதீங்க. வீட்ட விட்டு வந்த பிள்ளைய "பாவம்னு தங்க வெச்சேன்"னு சொல்றவனும், பெத்தவங்களுக்குத் தெரியாம வெச்சிருந்தா கடத்தல் கேஸ்ல உள்ள போவான், பிள்ளை தானா வந்திருந்தாலும் சரி. இத பிள்ளைகிட்ட சொல்லுங்க, 'சாமி' படம் கொஞ்சம் கலையும்.

பெரியவங்க விஷயத்துல இந்த ஊர்ச் சட்டம் வேற மாதிரி. 1956 சட்டப்படி விக்கிறது வாங்குறது ரெண்டும் கூடாதுன்னு எழுதியிருக்கும், ஆனா ரோட்ல நின்னு கூப்பிட்ட பொண்ணுக்குத்தான் தண்டனை, வாங்குனவனுக்கு ஒண்ணுமில்ல, கபுகிச்சோவ ஒட்டின ஓகுபோ பார்க் பக்கம் பிடிச்சுட்டுப் போறது எல்லாம் பொண்ணுங்களத்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். 2003-ல வந்த டேட்டிங் சைட் சட்டத்துலயும் பிள்ளையே அங்க அந்த மாதிரி ஆள் கூப்பிட்டா அதுவும் மீறல்னு வெச்சிருக்காங்க. இதப் பாத்து வளர்ற பிள்ளை போலீஸ்னா ஹொடோ பண்ணுவாங்கன்னுதான் நினைக்கும், ஹொடோன்னா பிடிச்சு புத்தி சொல்லி வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் சொல்றது. ராத்திரி 11 மணிக்கு மேல விடிகாலை 4 மணி வரைக்கும் 18க்குக் கீழ உள்ள பிள்ளை வெளிய சுத்துனா டோக்கியோவுல அதான் நடக்கும். அதனாலதான் நீங்க கூடப் போகணும்னு சொல்றேன், தனியா போற பிள்ளைய 'சொன்னபடி கேக்காத பிள்ளை'ன்னு பாத்துடுவாங்க.

போன் கதைக்கு வருவோம். இது என் சொந்த முட்டாள்தனம். பொண்ணுக்கு 12 வயசுல போன் வாங்கப் போனேன், கடையில அந்தப் பையன் ரொம்ப மரியாதையா மூணு பேப்பர எடுத்து வெச்சு கடகடன்னு விளக்கினான், எனக்குக் கெய்கோல, அதாவது அந்த ரொம்ப மரியாதையான ஜப்பானீஸ்ல, பாதி புரியல, பின்னாடி என் பையன் பசிக்குதுன்னு பைய இழுக்குறான், காட்டின எடத்துல எல்லாம் ஹங்கோ, அதான் பேர் முத்திரை, குத்திட்டு வந்துட்டேன். எட்டு மாசம் கழிச்சு ஃபைல எடுத்துப் பாத்தா அதுல ஒண்ணு 'ஃபில்டர் வேண்டாம்'னு பெத்தவங்க எழுதிக் கொடுக்குற பேப்பர்! 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க போனுக்கு ஃபில்டர் பத்தி விளக்கி செட் பண்ணியும் கொடுக்கணும்னு 2018 பிப்ரவரில இருந்து சட்டம் இருக்கு, வேண்டாம்னா பெத்தவங்கதான் சொல்லணும், நான் சொல்லியிருக்கேன், எனக்கே தெரியாம. திரும்பக் கடைக்குப் போய் அன்ஷின் ஃபில்டர் போடச் சொன்னேன், பத்து நிமிஷம் ஆச்சு, காசும் வாங்கல. போன் வாங்கப் போறவங்க அந்தப் பேப்பர மட்டும் மொபைல் டிரான்ஸ்லேட்டர்ல காட்டிப் படிச்சுட்டுக் குத்துங்க.

ஆனா ஃபில்டர் போட்டா முடிஞ்சதுன்னு நெனச்சுடாதீங்க. எஸ்என்எஸ் வழியா தெரியாத ஆளுகிட்ட மாட்டுன 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கன்னு போலீஸ் ஏஜென்சி வருஷா வருஷம் கணக்குச் சொல்லும், 2019-ல 2,082, 2023-ல 1,665, கேஸ் ஆனது மட்டும்தான் இது. டேட்டிங் சைட்ல இல்ல, நாமளும் வெச்சிருக்குற சாதாரண ஆப்லதான். (2015-ல ஐநாவுல இருந்து வந்த ஒரு அதிகாரி ஸ்கூல் பொண்ணுங்கள்ல 13 சதவீதம் பேர் என்ஜோ கோசாய்ல இருக்காங்கன்னு சொல்லிட்டு அப்புறம் அதுக்கு ஆதாரம் இல்லன்னு ஆகிப்போச்சு, அந்த 13 இன்னும் அங்கங்க சுத்துது, வாட்ஸப்ல வந்தா ஃபார்வர்டு பண்ணாதீங்க.) போன்ல நான் வெச்ச விதி ரெண்டே ரெண்டு. கேம்லயோ எக்ஸ்லயோ பழகினவங்க "லைன்ல பேசலாமா"ன்னு, அதாவது இங்கத்த வாட்ஸப்புக்கு, இடம் மாத்தச் சொன்னா அப்ப என்கிட்ட காட்டணும், ஏன்னா பொது இடத்துல இருந்து தனி அறைக்குக் கூட்டிட்டுப் போறது அங்கதான் ஆரம்பம். ரெண்டாவது, யாராவது கிஃப்ட் கார்டு நம்பரோ பேபே ஆப்ல காசோ சும்மா அனுப்புனா அதயும் காட்டணும், திருப்பிக் கொடுக்கறத நான் பாத்துக்கறேன். என் பையனுக்கு 11 வயசுல கேம்ல ஒருத்தன் விலை அதிகமான ஸ்கின் (கேம்ல வர்ற ஆளுக்கு டிரெஸ்) ஒண்ணு வாங்கிக் கொடுத்தான், ஒரு வாரம் ஒண்ணும் கேக்கல, நாய் போட்டோ எல்லாம் அனுப்பினான், எட்டாவது நாள் "உன் ரூம் எப்படி இருக்கும், வீடியோவுல காட்டு"ன்னான். அங்கயே நிறுத்திட்டோம். ஸ்கின்ன வெச்சுக்கலாமான்னு பையன் கேட்டான் பாருங்க, அதுதான் அவனுக்குப் பெரிய கவலை.

பையன் பத்திச் சொன்னதால இன்னொண்ணு. "எனக்குப் பொண்ணு இல்ல, நிம்மதி"ன்னு ஒரு நண்பர் சொன்னாரு, கோபமா வந்துச்சு. 2017 வரைக்கும் இந்த நாட்டு சட்டத்துலயே பலாத்காரம்னா பாதிக்கப்பட்டவங்க பொண்ணுதான்னு இருந்துச்சு, பையன் கணக்குலயே இல்ல. 2023 செப்டம்பர்ல, பையன்கள வெச்சு பாட்டுக் குழு நடத்துன ஜானிஸ் நிறுவனமே வாயத் திறந்து, நிறுவனர் ஜானி கிடகாவா பல வருஷமா பையன்களுக்குச் செஞ்சது உண்மைதான்னு ஒத்துக்கிட்டாங்க, டிவி பத்திரிகை எல்லாருக்கும் அரசல் புரசலாத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. நிர்வாணப் படத்த வாங்கிட்டு காசு கேட்டு மிரட்டுறது இருக்கே, அதுல பையன்களும் நெறைய மாட்டுறாங்க, வெக்கத்துல பொண்ணுங்கள விடக் கம்மியா சொல்றாங்க.

எதப் பாத்து சந்தேகப்படலாம்னா, நான் டிடெக்டிவ் வேலை பாக்கச் சொல்லல, ஆனா நாம வாங்கித் தராத பொருள் வீட்டுல முளைச்சா கேளுங்க, பிராண்ட் பை, இயர்பட்ஸ், நெயில் ஆர்ட். பழைய ஃப்ரெண்ட்ஸ் பேரெல்லாம் பேச்சுல இருந்து மறைஞ்சு, முகம் தெரியாத 'ஒனீசான்' 'ஒனீசான்'னு ஒரு அண்ணன் பேச்சா வந்தா கேளுங்க. இருமல் மாத்திரை டப்பா காலியா நிறைய கெடந்தா அதயும் விடாதீங்க, இங்க பிள்ளைங்க மருந்துக்கடை மாத்திரைய மொத்தமா முழுங்குறது ஒரு பழக்கமா ஆயிருக்கு, அந்தக் கூட்டத்துல சேந்த பிள்ளைகிட்ட இது அடிக்கடி பாக்கலாம். கேக்கும்போது "இது எங்க இருந்து வந்துச்சு?"ன்னு வக்கீல் மாதிரி கேக்காம "அழகா இருக்கே, யாரு கொடுத்தா?"ன்னு கேளுங்க, பதில் சொல்லலன்னா அன்னைக்கு விட்டுடுங்க, மறுநாள் பிள்ளைக்குப் பிடிச்சதச் சமைங்க. சிரிக்காதீங்க, என் அனுபவத்துல தோசைக்கல்லு பக்கத்துல நின்னுதான் பிள்ளைங்க வாயத் திறக்கும்.

பார்ட் டைம் வேலை பத்திக் கொஞ்சம். லேபர் சட்டப்படி 18 வயசு ஆகாதவங்கள ராத்திரி 10ல இருந்து காலைல 5 வரைக்கும் வேலை வாங்கக் கூடாது. அதனால விளம்பரத்துல ராத்திரி ஷிஃப்ட், அன்னன்னைக்கே கையில காசு, ரெஸ்யூமே வேண்டாம், லைன்ல மட்டும் பேசணும்னு இருந்தா அந்த விளம்பரம் தானா தன்னைக் காட்டிக்குடுக்குது. ஹராஜுகு ஷிபுயாவுல "மாடல் ஆகலாம், அழகா இருக்கீங்க"ன்னு விசிட்டிங் கார்டு நீட்டுவான், பிள்ளை கார்ட வாங்கிக்கட்டும், தன் நம்பரக் கொடுக்க வேண்டாம், அங்கயே எங்கயும் கூடப் போக வேண்டாம், அவ்வளவுதான் விதி. மைனர் பெத்தவங்க ஒத்துக்காம போட்ட கான்ட்ராக்ட ரத்து பண்ணலாம், ஆனா 2022 ஏப்ரல் 1-ல இருந்து 18 ஆனாலே மேஜர்னு ஆயிட்டதால 18, 19 வயசுக்கு அந்தக் கவசம் போச்சு. அதனாலதான் அதே வருஷம் ஜூன்ல அடல்ட் வீடியோவுல மாட்டுனவங்களுக்குன்னு அவசரமா ஒரு சட்டம் கொண்டாந்தாங்க, கான்ட்ராக்ட் போட்டு ஒரு மாசம் ஆகாம ஷூட் பண்ணக் கூடாது, ஷூட் முடிஞ்சு நாலு மாசம் ஆகாம வெளியிடக் கூடாது, வெளியிட்டு ஒரு வருஷம் வரைக்கும் காரணமே சொல்லாம ரத்து பண்ணலாம், விக்கிறத நிறுத்தச் சொல்லலாம். பிள்ளையோட 18வது பிறந்தநாளுக்கு முன்னாடி வாரம் இத ஒரு தடவ சொல்லிடுங்க, ஏன்னா தூண்டில்காரனுங்களும் அந்தத் தேதிக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்பானுங்க. ஹோஸ்ட் கிளப், அதாவது ஆம்பளைங்க கூட உக்காந்து பேசி குடிக்க வைக்கிற கடை, அங்க ஏறுற கடனும் அப்படித்தான், 'அப்புறம் குடு'ன்னு கணக்குல ஏத்தி ஏத்தி கடைசியில உடம்ப வித்து அடைக்கச் சொல்றது, 2025 ஜூன்ல சட்டத்தத் திருத்தி இறுக்கியிருக்காங்க.

சரி, நடந்துடுச்சுன்னு வெச்சுக்குவோம். பிள்ளை வந்து சொல்லிடுச்சு, இல்ல நீங்களே பாத்துட்டீங்க. முதல் பத்து நிமிஷம் முகத்தக் கட்டுப்படுத்துங்க, இது உலகத்துலயே கஷ்டமான வேலை, எனக்குத் தெரியும். "சொன்னியே, நல்ல வேளை"ங்கிற ஒரு வாக்கியம் போதும். "ஏன் போன, ஏன் அனுப்புன"ன்னு 'ஏன்'ல ஆரம்பிக்கிற எதையும் கேக்காதீங்க. என்ன நடந்துச்சுன்னு திரும்பத் திரும்ப நோண்டவும் வேண்டாம், அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க கேப்பாங்க, நாம பல தடவ கேட்டுக் கேட்டு பிள்ளை சொல்றது குழம்பிப்போனா கேசுக்கும் கெட்டது.

மிரட்டல்னா காசு அனுப்பாதீங்க, ஒரு தடவ அனுப்புனா அடுத்த மாசமும் வருவான். பிளாக் பண்றதுக்கு முன்னாடி சேட், ஐடி, ப்ரொஃபைல், தேதி எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, லைன்ல அனுப்புனத அவனே திரும்ப எடுத்துட முடியும், அதனால சீக்கிரம். ஆனா பிள்ளையோட நிர்வாணப் படத்த மட்டும் உங்க போனுக்கு மாத்தறதோ, "இதப் பாருங்க"ன்னு புருஷனுக்கோ டீச்சருக்கோ அனுப்பறதோ வேண்டவே வேண்டாம், நல்ல எண்ணத்துல செஞ்சாலும் அது பரவுறதுதான், சட்டத்துலயும் சிக்கல். பிள்ளையோட போனையே எடுத்துட்டுப் போய் போலீஸ்ல காட்டுங்க. நெட்ல ஏறிடுச்சுன்னா டேக் இட் டவுன்னு ஒரு இலவச சேவை இருக்கு, படத்த யாருக்கும் அனுப்பாம, அதோட கைரேகை மாதிரி ஒரு டிஜிட்டல் அடையாளக் குறியீட்ட மட்டும் எடுத்து, இதுல சேந்திருக்குற கம்பெனிங்களுக்குக் கொடுக்கும், அவங்க தங்களோட தளத்துல தேடித் தூக்குவாங்க. ஜப்பான்ல ஆளோட பேசணும்னா பாப்ஸ்ங்கிற அமைப்பு இந்தப் படங்கள அழிக்கச் சொல்லிக் கேக்குற வேலைய வருஷக்கணக்கா செய்யுது.

உடம்பு சம்பந்தமா நடந்திருந்தா நேரம் முக்கியம். #8891 அடிச்சா பக்கத்துல இருக்குற ஒன்-ஸ்டாப் சென்டருக்குப் போகும், எல்லா மாகாணத்துலயும் ஒண்ணாவது இருக்கு, டாக்டர், கவுன்சலிங், போலீஸ் எல்லாத்தையும் அவங்க இணைச்சுக் கொடுப்பாங்க, போலீஸ் கேஸ் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணாமலே போகலாம். கர்ப்பத் தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிஞ்சா குளிக்காம, அன்னைக்குப் போட்ட துணியத் துவைக்காம ஒரு பேப்பர் பையில வெச்சு எடுத்துட்டுப் போங்க. போலீஸ்ல பாலியல் குத்தங்களுக்குன்னே #8103 இருக்கு, ஹாட்டோ-சான்னு ஞாபகம் வெச்சுக்கச் சொல்றாங்க, உயிருக்கு ஆபத்துன்னா யோசிக்காம 110. ஃபோன்ல பேச மாட்டேங்குற பிள்ளைக்கு க்யூர் டைம்னு சேட் இருக்கு. வேற பாஷையில பேசணும்னா யொரிசோய் ஹாட்லைன் 0120-279-338, போட்டுட்டு 2 அமுக்குங்க.

189, இச்சி-ஹாயா-குன்னு படிக்கலாம், 'சீக்கிரமா'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி வெச்சிருக்காங்க. இது ஜிசோவுக்கு, அதாவது குழந்தைகள் நல ஆபீசுக்கு நேரா போகும், இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க, பேர் சொல்ல வேண்டியதில்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகவும் அடிக்கலாம். நான் ஒரு தடவ அடிச்சேன், எங்க மாடியில ஒரு பொண்ணு ராத்திரி 12 மணிக்கு மேல படிக்கட்டுல உக்காந்து போன் நோண்டிக்கிட்டு இருக்கும், வாசல்ல யாரோ கார்ல வந்து கூட்டிட்டுப் போவாங்க. உடைஞ்ச ஜப்பானீஸ்லதான் சொன்னேன், அந்த அம்மா அவசரப்படாம, கார் கலரு, எத்தன மணி, வாரத்துல எந்தக் கிழமைன்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்கிட்டாங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு யாரும் திரும்பச் சொல்லல, சொல்லவும் மாட்டாங்க. ஒரு குறையும் சொல்லணும், ஜிசோ பிள்ளைய தற்காலிகமா எடுத்து வெச்சா போன வாங்கி வெச்சுடுவாங்க, ஸ்கூலுக்கும் பெரும்பாலும் விட மாட்டாங்க, அதனாலயே அங்க போக மாட்டேன்னு ஓடுற பிள்ளைங்க டோயோகோவுல நிறைய. அவங்கள நிர்ப்பந்தம் பண்ணாம சேத்துக்கணும்னுதான் கொலாபோ மாதிரி அமைப்பு பிங்க் பஸ் வெச்சு சாப்பாடு, நாப்கின், சார்ஜர்னு கொடுக்குறாங்க, டோக்கியோ அரசும் 2024 மே மாசம் கபுகிச்சோவுலயே கிமிமாமோன்னு ஒரு இடம் தொறந்துச்சு, பிள்ளைங்க வந்து சும்மா உக்காரலாம், பேசணும்னா பேசலாம்.

விசா பயம் ஒண்ணு நம்ம ஆளுங்ககிட்ட உண்டு, போலீஸ்னு போனா புதுப்பிக்க மாட்டாங்களோன்னு. பிள்ளைய பாதுகாக்குற விஷயத்துல ஜிசோ நாட்டப் பாக்குறதில்ல. 2025 நவம்பர்ல வெளிய வந்த ஒரு கேஸ்: தாய்லாந்துல இருந்து வந்த 12 வயசுப் பொண்ணு, டோக்கியோவுல மசாஜ் கடைன்னு பேர் வெச்சு நடந்த இடத்துல மாட்டிக்கிச்சு, கடைசியில அந்தப் பொண்ணே இமிக்ரேஷன் ஆபீசுக்கு நடந்து போய் காப்பாத்துங்கன்னு கேட்டிருக்கு. பாஷ தெரியாத ஊர்ல 12 வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு தைரியம் வந்திருக்கு, நாம பார்ம் நிரப்பக் கூச்சப்படுறோம்.

கடைசியா எங்க வீட்டு ஏற்பாடு ஒண்ணு. பிள்ளைங்க எங்க இருந்தாலும் லைன்ல "சாம்பார் இருக்கா?"ன்னு அனுப்புனா அதுக்கு அர்த்தம் 'என்னை இங்க இருந்து எடு'. நான் உடனே போன் பண்ணி சத்தமா, பக்கத்துல இருக்குறவனுக்கும் கேக்குற மாதிரி, ஏதாவது சாக்கு சொல்லி வரச் சொல்லணும், போய் கூட்டிட்டு வரணும், அன்னைக்கு ராத்திரி ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது. இது வரைக்கும் ஒரே ஒரு தடவ, பொண்ணுகிட்ட இருந்து வந்துச்சு, சாயங்காலம் ஏழே முக்காலுக்கு, ஷிபுயா கரோக்கேல இருந்து, தோழியோட 'அண்ணன்' யாரோ ரெண்டு பேர் புதுசா வந்து சேந்துக்கிட்டாங்களாம், அது மறுநாள்தான் தெரிஞ்சுது. நான் போன்ல "தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல, உடனே வா"ன்னு கத்தினேன், ஹன்சோமோன் லைன்ல போய் இறங்குனா ஹாச்சிகோ சிலைகிட்ட நின்னுக்கிட்டு இருந்துச்சு. ட்ரெயின்ல ஒரு வார்த்த பேசல. வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டும்போது கேட்டுச்சு, "நெஜமாவே சாம்பார் இருக்கா?"